இராமானுஜன் தவறவிட்ட எண்

சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் நாலு பேர் வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், சிநேகிதி ஒருத்தியின் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். காசு வாங்குவதில்லை. பிளேன்ரீயும் பிஸ்கட்டும் கிடைக்கும். நாலு பேரும் கலைப்பீடம். வரலாறும் தமிழும் அரசறிவியலும்தான் எங்கட பாடங்கள். கணிதத்தை ஓ.எல். சோதனையோடு கும்பிட்டு விட்டுவிட்டு வந்தவர்கள். எண்டாலும் தரம் பத்துப் பிள்ளை கணிதக் கொப்பியோட வந்து நிக்கேக்க, "அது எங்கட பாடம் இல்லை" எண்டு திருப்பி அனுப்ப மனம் வராது.

அண்டைக்குப் பாடம் முதன்மைக் காரணிகள். நாங்கள் பஸ் நம்பர்களில் தொடங்கினோம். காலி வீதியில் ஓடுகிற 100, 101. வெள்ளவத்தையில் இருந்து நாரஹேன்பிட்டிக்குப் போகிற 141. நூறை உடைக்கிறது லேசு: 2 × 2 × 5 × 5. 101 உடையாது. 2, 3, 5, 7 எதுவும் மிச்சமில்லாமல் போகவில்லை. அதுக்கு மேல பார்க்கத் தேவையும் இல்லை. 101ஐ இரண்டு காரணியாகப் பிரிக்க முடிந்தால் அதில் ஒன்றாவது 10ஐத் தாண்டாமல் இருக்க வேணும். ஆகவே 101 முதன்மை எண். 141ஐப் பார்த்தால் அதுவும் உடையாதது போலத்தான் இருக்கும். ஆனால் இலக்கங்களைக் கூட்டினால் 6, அப்ப மூன்றால் பிரிபடும்: 3 × 47.

இதெல்லாம் நல்லாத்தான் போனது. கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை பேனையை மூடி வைத்துவிட்டு, "அக்கா, இராமானுஜனுக்கு சாமி கனவில வந்து சொன்னது. எங்களுக்கு ஆர் வந்து சொல்லுறது?" எண்டு கேட்டாள். அந்தக் கிழமை அவள் ஞான ராஜசேகரன் 2014இல் எடுத்த 'ராமானுஜன்' படத்தைப் பார்த்திருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். ஆனால் கேள்வி எங்களை விடவில்லை. கணிதத்தில் எங்களுக்குப் பெரிய உரிமை இல்லை. ஒரு கதை எப்படி உருவானது, அந்தக் கதையில் என்ன விடுபட்டது எண்டு பார்க்கிறது எங்கட வேலைதானே. அதனால் தேடினோம். தேடினபோது ஒரு எண் கிடைத்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு பேர், ஒரே எண்

முதலில் சொற்களைச் சரிபார்ப்போம். எங்கட பாடப்புத்தகத்தில் முதன்மை எண், சேர்த்தி எண் எண்டு இருக்கும். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அதுவே பகா எண், பகு எண். இந்த இரண்டு சோடியும் ஒரே விசயத்தை இரண்டு பக்கத்தால் பார்க்கின்றன. 'பகா' எண்டால் பகுக்க ஏலாதது. 'முதன்மை' எண்டால் மற்றதெல்லாம் அதில் இருந்து தொடங்கும். 'சேர்த்தி' எண்டால் முதன்மை எண்களைப் பெருக்கிச் சேர்த்துச் செய்தது. 1 இந்த இரண்டு வகுப்பிலும் சேராது.

சேர்த்தி எண்ணை எந்த வழியால் உடைத்தாலும் கடைசியில் கிடைக்கிற முதன்மைக் காரணிகள் மாறாது. 60ஐ 6 × 10 எண்டு தொடங்கினாலும், 4 × 15 எண்டு தொடங்கினாலும் 2, 2, 3, 5 தான் மிஞ்சும். அந்தக் காரணிகள் தெரிந்தால் ஒரு எண்ணுக்கு மொத்தம் எத்தனை வகுத்திகள் எண்டு எழுதிப் பார்க்காமலே சொல்லலாம். 60இல் 2 இரண்டு தரம், 3 ஒரு தரம், 5 ஒரு தரம். ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேணும்: 3 × 2 × 2 = 12. அறுபதை மிச்சமில்லாமல் பிரிக்கிற எண்கள் பன்னிரண்டு. அறுபதை விடச் சின்ன எந்த எண்ணுக்கும் பன்னிரண்டு வகுத்திகள் கிடையாது.

மணித்தியாலத்துக்கு 60 நிமிடம், எங்கட பழைய கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாளுக்கு 24 மணித்தியாலம், வட்டத்துக்கு 360 பாகை. பங்கு போடச் சுகமான எண்களை மனிசர் எப்பவோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். தன்னை விடச் சின்ன எண்கள் எல்லாவற்றையும் விட அதிக வகுத்திகள் உள்ள எண்களுக்கு இராமானுஜன் ஒரு பெயர் வைத்தார். அதைத் தமிழில் நாங்கள் 'மிகுசேர்த்தி எண்' எண்டு சொல்லுகிறோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 எண்டு அந்த வரிசை போகும். முதன்மை எண்களுக்கு நேர் எதிரான ஆக்கள் இவர்கள்.

கனவும் சிலேற்றும்

இராமானுஜன் 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். நாமக்கல் நாமகிரித் தாயாரின் பக்தர். தாயார்தான் தனக்குக் கணிதத்தைத் தருகிறா எண்டு அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை நாங்கள் கேலி செய்ய வரவில்லை. ஆனால் கதை சொல்லுகிறவர்கள் கனவோடு நிறுத்திவிடுகிறார்கள். முழிச்சிருந்த நேரத்தில் அந்த மனிசன் என்ன செய்தார் எண்டதைச் சொல்லுவது குறைவு.

1903இல், பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில், அவர் கையில் ஒரு புத்தகம் கிடைத்தது. காரி எண்ட ஆங்கிலேயர் தொகுத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் வரிசையாக இருக்கும். நிறுவல்கள் மிகக் குறைவு. அந்தக் காரி கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு மாணவரைத் தயார்ப்படுத்துகிற தனியார் ஆசிரியர். எங்கட பாசையில் சொன்னால், உலகத்தின் பெரிய கணிதர் ஒருவர் ரியூசன் நோட்ஸில் இருந்து வந்தவர். பாடமாக்கச் சொல்லி எழுதின நோட்ஸை அவர் பாடமாக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் தானே திரும்பக் கண்டுபிடித்தார்.

கடதாசி விலை கூட. ஆகவே சிலேற்றில் எழுதி, முழங்கையால் அழித்து, திரும்ப எழுதுவார். முடிவு மட்டும் நோட்டுப்புத்தகத்தில் ஏறும். வழி சிலேற்றோடு அழிந்துவிடும். பிறகு அந்த நோட்டைப் பார்த்தவர்களுக்கு விடைகள் எங்கேயோ இருந்து விழுந்தது போலத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

கும்பகோணம் அரசு கல்லூரியில் கிடைத்த புலமைப்பரிசிலை ஆங்கிலப் பாடத்தில் தவறி இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் எஃப்.ஏ. சோதனையில் திரும்பத் திரும்பச் சித்தியடையவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுதுவினைஞர் வேலை. இந்த இடத்தில் அவரைத் தூக்கிவிட்டவர்களின் பெயர்களையும் சொல்ல வேணும்: இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கின இராமசுவாமி ஐயர், மாதாமாதம் காசு கொடுத்த இராமச்சந்திர ராவ், துறைமுக அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர். படித்த பிராமண உத்தியோகத்தர்களின் வலை அது. அந்த வலைக்குள் பிறக்காத ஒரு பிள்ளைக்கு அதே மூளை இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு வரலாறு படிக்கிற நாங்கள் கேட்காமல் இருக்க ஏலாது.

எல்லாரும் சொல்லுகிற 1729 கதையைக் கூட இப்பிடிப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த இராமானுஜனிடம் ஹார்டி தான் வந்த டாக்ஸியின் நம்பர் 1729 எண்டு சொல்ல, அது இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய ஆகச் சின்ன எண் எண்டு அவர் உடனே சொன்னார். அந்த எண்ணின் உறவு அவருடைய பழைய நோட்டுப்புத்தகத்திலேயே இருக்கிறது. படுக்கையில் ஒரு கணத்தில் வந்ததாக நாங்கள் நினைக்கிறது, எப்பவோ சிலேற்றில் உழைத்து எடுத்தது.

1913: கடிதத்தில் ஒரு பிழை

1913 ஜனவரி 16இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் முதன்மை எண்களைப் பற்றியும் ஒரு உரிமைகோரல் இருந்தது. 100க்குக் கீழே 25 முதன்மை எண்கள், 1,000க்குக் கீழே 168, பத்து இலட்சத்துக்குக் கீழே 78,498. போகப்போக ஐதாகும், ஆனால் முடிவதில்லை. ஒரு எல்லைக்குக் கீழே எத்தனை எண்டு எண்ணாமல் சொல்ல ஒரு சூத்திரம் தன்னிடம் இருக்கு, அதில் வரும் வழு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சின்னது எண்டு அவர் எழுதினார்.

அது பிழை. சூத்திரம் மோசமில்லை, அவர் சரிபார்க்கக்கூடிய எண்களுக்கு அற்புதமாகப் பொருந்தும். ஆனால் எண்கள் மிகப் பெரிதாகப் போகும்போது வழு அவர் சொன்ன மாதிரிச் சின்னதாக நிற்காது. அதைப் புரிந்துகொள்ள 1859இல் ஜெர்மனியில் ரீமான் திறந்த ஒரு பாதை தெரிந்திருக்க வேணும். கற்பனை எண்களுக்குள் போகிற பாதை அது. கும்பகோணத்து ரியூசன் நோட்ஸில் அந்தப் பாதை இல்லை.

கனவில் வந்தது சரியாகத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறவர்கள் இந்தப் பிழையைச் சொல்லுவதில்லை. எங்களுக்கு இந்தப் பிழைதான் அவரைக் கிட்டக் கொண்டுவருகிறது. கையில் இருந்த எண்களை வைத்து ஒருவர் கணித்திருக்கிறார். கையில் இல்லாதது அவரை ஏமாற்றியிருக்கிறது.

1915: பட்டியல்

1914 மார்ச் 17இல் கப்பல் ஏறினார். அடுத்த வருசம், முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போது, இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் அவருடைய நீளமான கட்டுரை வந்தது: 347ஆம் பக்கத்தில் இருந்து 409 வரை. விசயம் மிகுசேர்த்தி எண்கள். கழகத்துக்கு அப்ப பண நெருக்கடி. அவர் எழுதினதில் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றது. அந்தப் பகுதி 1997இல்தான் அச்சில் வந்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்காகத்தான். எஃப்.ஏ. தாண்டாத பிள்ளைக்குக் கிடைத்த முதல் பட்டம்.

அந்தக் கட்டுரைக்குள் ஒரு அட்டவணை இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மிகுசேர்த்தி எண்கள், ஒவ்வொன்றுக்கும் முதன்மைக் காரணிகள், எத்தனை வகுத்திகள் எண்ட கணக்கு. கடைசி எண் 6,746,328,388,800. கல்குலேற்றர் இல்லாத காலம். இந்த வேலையை எந்தத் தாயாரும் கனவில் வந்து செய்து தர மாட்டா. இருந்து செய்ய வேணும்.

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருந்தால் ஆயுள் போதாது. ஆகவே முதலில் வடிவத்தைக் கண்டுபிடித்தார். மிகுசேர்த்தி எண்ணில் முதன்மைக் காரணிகள் இடையில் விடாமல் 2, 3, 5, 7 எண்டு வர வேணும். 5ஐ விட்டுவிட்டு 7ஐப் போட்டால், அதே அளவு வகுத்திகளோடு இன்னும் சின்ன எண் ஒன்று கிடைத்துவிடும். அதே காரணத்தால் 2 வருகிற தடவை 3 வருகிற தடவையை விடக் குறையாது. 3 வருகிறது 5ஐ விடக் குறையாது. கடைசி முதன்மைக் காரணி ஒரே ஒரு தரம்தான் வரும். அதுக்கு 4, 36 எண்ட இரண்டு எண்கள் மட்டும் விலக்கு. இந்த வடிவங்களை நிறுவி, வலையைச் சுருக்கி, பிறகு மிச்சத்தைக் கையால் தேடினார்.

அப்படித் தேடினதில் ஒரு எண்ணை விட்டுவிட்டார்.

240,940,299,600க்கு 4,800 வகுத்திகள். 321,253,732,800க்கு 5,376 வகுத்திகள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: 293,318,625,600. அதில் 2 ஆறு தரம், 3 நாலு தரம், 5 இரண்டு தரம், 7 இரண்டு தரம், பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொரு தரம். ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040 வகுத்திகள். பட்டியலில் இருந்திருக்க வேண்டிய எண். இராமானுஜனின் அட்டவணையில் இல்லை.

நாங்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொன்ன அடுத்த சனிக்கிழமை ஒரு வேலையும் கொடுத்தோம். அட்டவணையின் கடைசி எண்ணை, 6,746,328,388,800ஐ, 23ஆல் பிரியுங்கோ. வீட்டில் இருந்த சின்ன கல்குலேற்றரில் பதின்மூன்று இலக்கம் ஏறவில்லை. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நெடும் பிரித்தல். இரண்டு பேருக்கு இடையில் பிழைத்தது, திரும்பச் செய்தார்கள். மிச்சம் 0. விடை 293,318,625,600. அவர் தவறவிட்ட எண், அவருடைய பட்டியலின் கடைசி எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அதை 23ஆல் பெருக்கினால் இது.

கேள்வி கேட்ட பிள்ளை தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப சாமி இதைச் சொல்ல மறந்திட்டாவோ?" எண்டாள். இந்தத் தரம் சிரிப்பு வேற மாதிரி இருந்தது.

இரண்டு பக்கம்

1917இல் இராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து இன்னொரு கேள்வியை எடுத்தார்கள்: சும்மா ஒரு எண்ணை எடுத்தால் அதில் எத்தனை வெவ்வேறு முதன்மைக் காரணிகள் இருக்கும்? விடை நாங்கள் நினைக்கிறதை விட மிகக் குறைவு. நூறு கோடி அளவிலான எண்களில் சாதாரணமாக மூன்று போல. எண் பெரிதாகப் போகப் போக அது கூடும், ஆனால் ஆமை வேகத்தில். அப்பதான் மிகுசேர்த்தி எண்கள் எவ்வளவு அரிதான ஆக்கள் எண்டு விளங்குகிறது. மேலே சொன்ன தவறவிட்ட எண்ணில் எட்டு வெவ்வேறு முதன்மைக் காரணிகள்.

1919இல் சுகமில்லாமல் ஊர் திரும்பினார். அந்த வருசம் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய சின்னக் கட்டுரை ஒன்று வந்தது. இரண்டே பக்கம். 1ஐ விடப் பெரிய எந்த எண்ணை எடுத்தாலும், அதுக்கும் அதின் இரட்டிப்புக்கும் நடுவில் ஒரு முதன்மை எண்ணாவது இருக்கும் எண்டதுக்கு நிறுவல். 1845இல் பெர்ட்ரண்ட் ஊகித்தது, பிறகு ரஷ்யாவின் செபிஷேவ் நிறுவியது. இராமானுஜன் அதை இன்னும் எளிய வழியால் செய்து காட்டினார். ஆறு வருசத்துக்கு முன் முதன்மை எண்களைப் பற்றி நிறுவல் இல்லாமல் பெரிதாகச் சொல்லிப் பிழைத்தவர், இந்தத் தரம் சின்னதாகச் சொல்லி, ஒவ்வொரு படியையும் எழுதி வைத்தார். அடுத்த வருசம் ஏப்ரல் 26இல், 32 வயதில், சென்னையில் இறந்தார்.

கனவுக் கதை இல்லாத ஒருவர்

இராமானுஜனைத் தேடப் போன இடத்தில் நாங்கள் இன்னொரு பெயரைச் சந்தித்தோம். எஸ்.எஸ். பிள்ளை, சுப்பய்யா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901இல் குற்றாலத்துக்குக் கிட்ட வல்லத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயை இழந்து, பள்ளிக்கூடக் காலத்திலேயே தகப்பனையும் இழந்தவர். ஒரு ஆசிரியர் தன்ர கையால் காசு கொடுத்துப் படிக்க வைத்தார். 1929இல் இருந்து 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். எங்களில் ஒருவருக்கும் அவரைப் பற்றி முதலில் தெரிந்திருக்கவில்லை.

அவர் 1940இல் காட்டின ஒன்று, தரம் பத்துப் பிள்ளைக்கும் விளங்கும். அடுத்தடுத்து வருகிற எண்களை எடுங்கோ. பதினாறு வரை எடுத்தால், எங்கே தொடங்கினாலும், மற்ற எல்லாவற்றோடும் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது அதுக்குள் இருக்கும். பதினேழு எடுத்தால் அந்த உத்தரவாதம் இல்லை. 2184இல் இருந்து 2200 வரை பாருங்கோ. சோடி எண்கள் எல்லாம் 2ஐப் பகிர்கின்றன. மிச்சம் எட்டு ஒற்றை எண்கள். 2187, 2193, 2199 மூன்றும் 3ஐப் பகிர்கின்றன. 2185உம் 2195உம் 5ஐ. 2189 = 11 × 199; அதுக்குத் துணை 2200. 2191 = 7 × 313; துணை 2184. 2197 = 13 × 13 × 13; துணை திரும்பவும் 2184. ஒருவரும் தனித்து நிற்கவில்லை.

1950 ஆகஸ்ட் 31இல், அமெரிக்காவில் நடக்கவிருந்த சர்வதேசக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோவுக்குக் கிட்ட விமானம் விழுந்து பிள்ளை இறந்தார். வயது 49. அவருக்குக் கனவுக் கதை இல்லை, டாக்ஸிக் கதை இல்லை, படம் இல்லை. அதிசயம் இருந்தால்தான் நாங்கள் ஒருவரை நினைவில் வைப்போம் எண்டால், உழைத்தவர்களில் பெரும்பாலானோர் விடுபட்டுப்போவார்கள். அதோட, அதிசயம் தனக்கு நடக்கவில்லை எண்டு கொப்பியை மூடுகிற பிள்ளைகளும் விடுபட்டுப்போவார்கள்.

காலி வீதியில் சனி ஞாயிறுகளில் ரியூசன் விட்டு வருகிற கூட்டத்தில் "எனக்குக் கணக்கு ஓடாது" எண்ட வசனத்தை எத்தனை தரம் கேட்டிருக்கிறோம். நாங்களும் சொல்லியிருக்கிறோம். சொல்லித்தான் கலைப்பீடத்துக்கு வந்தோம் எண்டு கூட ஒரு விதத்தில் சொல்லலாம். ஓடாத கணக்கு எண்டு நாங்கள் நினைத்தது பல நேரம் ஒரு தரம் பிழைத்த கணக்குத்தான். பிழைத்த இடத்தைத் திரும்பப் போய்ப் பார்க்க எங்களுக்கு ஒருவரும் நேரம் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்தக் கலண்டர் தாளை அந்தப் பிள்ளை மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனாள். வருகிற சனிக்கிழமை 2184இல் இருந்து 2200 வரைக்கும் அவள்தான் மற்றப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டப் போகிறாளாம். எங்களில் ஒருவர் பிளேன்ரீ போடுவோம், மற்ற மூன்று பேரும் வாங்கில் இருப்போம்.